வால் குருவிக்கு ஒரு சாட்சி

ஏற்காட்டில் மே மாதம் குளுகுளுவென்று இருக்கிறதாம். கீழேயிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தேவகுமாரி அந்தக் குளிரை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. சீசனுக்கு முன்னறையை வாடகைக்கு விட்டதிலிருந்து அவள் பார்ப்பதெல்லாம் வெந்நீர் அண்டாதான். இப்போது தங்கியிருக்கிற ஈரோட்டுக் குடும்பம் ஆளுக்கு இரண்டு வாளி கேட்கிறது. குளிரைத் தேடி மலையேறி வந்தவர்களுக்கு எதற்கு இத்தனை வெந்நீர் என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு நாள் அசதியாக இருந்தால் படுத்து எழுந்தால் போய்விடும். இது படுத்து எழுந்தாலும் கூடவே எழுந்து வருகிற அசதி.

போன ஞாயிற்றுக்கிழமைதான் சேலத்து மாப்பிள்ளை வீட்டார் மகள் செல்விக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாளை ஞாயிறு பூசை முடிந்ததும் உறவு சனத்தோடு வந்து கல்யாண ஒப்பந்தம் பேசுகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதே வாரத்தில்தான் அவள் புருஷன் மரியதாஸ் ஓட்டுகிற டூரிஸ்ட் வேன், பகோடா பாயிண்ட் போகிற வழியில் ஒரு கைப்பிடிச் சுவரில் உரசி, இடது பக்கம் முழுக்கக் கோடு விழுந்தது. யாருக்கும் அடியில்லை. "பனிங்க" என்று சொல்லிவிட்டார் மரியதாஸ். உச்சி வெயிலில் என்ன பனி என்று தேவகுமாரியும் கேட்கவில்லை, வேன் முதலாளி பெரியண்ணனும் கேட்கவில்லை. கேட்காததால் அந்தக் கேள்வி போய்விடவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் மரியதாஸ் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். காப்பி டம்ளரை எடுக்கும் முன் விரலால் மேஜை விளிம்பைத் தொட்டு, அப்படியே நகர்த்திக்கொண்டு போய் டம்ளரைப் பிடித்தார். தேவகுமாரி பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

"ஏம்புள்ள, இன்னிக்குக் கிளியூர்ப் பாலத்துப் பக்கம் போவியா?"

"எதுக்குங்க?"

"அந்த வெள்ளை வால் குருவி. நேத்து போர்டுல எழுதிப் போட்டேனே. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இன்னொருத்தர் பாக்கோணும். இல்லைன்னா அழிச்சிருவாங்க."

"அழிச்சா அழிச்சுட்டுப் போறாங்க. நாளைக்கு அத்தனை பேருக்குச் சமைக்கோணும். இன்னும் அரிசிகூடப் பொறுக்கலை."

"எனக்கு டிரிப் இருக்குது. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு புள்ள."

கேட்ட தோரணை புதிதாக இருந்தது. பறவை விஷயத்தில் மரியதாஸ் யாரையும் கெஞ்சியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, வண்டியை நிறுத்தாமலே, காப்பிச் செடிக்குள் ஒதுங்குவது மரகதப் புறாவா சாதாரணப் புறாவா என்று சொல்கிற மனுஷன் அவர். தேவகுமாரி ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினாள். தலையாட்டியதை அவர் கண்டுகொள்ளவில்லை. அவள் "சரிங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எழுந்தார்.

வாசலில் செல்வி ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். சேலத்துக் காலேஜ் லீவு விட்டு வந்ததிலிருந்து அவளுக்கு இதே வேலை. அப்பா வேன் எடுத்தால் முன் சீட்டில் ஏறிக்கொள்வாள்.

"ஒப்பந்தம் பேசப் போற பொண்ணு. இன்னிக்குமா ஊர் சுத்தோணும்?"

"மத்தியானம் வந்துருவேம்மா" என்று சொல்லிவிட்டு அப்பாவுக்கு முன்னால் படியிறங்கினாள்.

அந்த போர்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒண்டிக்கடை முக்கில் பெரியண்ணனுடைய டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. ஆதியில் பஸ் நேரம் எழுத மாட்டியது. பஸ்கள் எழுதிய நேரத்துக்கு வந்ததேயில்லை என்பதால் பலகை சும்மா கிடந்தது. தபாலாபீஸ் அண்ணாதுரை ஒரு நாள் அதில், 'மாங்குயில், ஏரிக்கரை' என்று எழுதினார். மறுநாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர் தன் பங்குக்கு ஒன்று எழுதினார். அப்புறம் கான்வென்ட் டீச்சர், கோடைக்கு வரும் இரண்டு லெக்சரர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. சீசனில் காலை டீ குடிக்க வருகிறவர்கள் பேப்பருக்கு முன்னால் போர்டைத்தான் பார்ப்பார்கள்.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. எழுதியதை, மறுநாள் பொழுது சாய்வதற்குள் இன்னொருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கீழே தன் பெயரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் பெரியண்ணன் டீ கிளாஸ் துடைக்கிற துணியாலேயே அழித்துவிடுவார். வெளியூர்க்காரர் ஒருவர் நெருப்புக்கோழி பார்த்தேன் என்று எழுதிவிட்டு பஸ் ஏறிப் போனதிலிருந்து வந்த சட்டம் அது.

இதில் தேவகுமாரியின் பேச்சுக்குத் தனி மதிப்பு இருந்தது. சில வருஷங்களுக்கு முன் மரியதாஸ் ஏதோ ஒரு மரங்கொத்தியை எழுதிவிட்டு, கூட இருந்த மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "நான் பாக்கலைங்க" என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டாள் அவள். போர்டு அழிந்தது. மரியதாஸ் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு அவரே அந்தக் கதையை ஒண்டிக்கடை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஈரோட்டுக்காரர்களின் கடைசி வாளி வெந்நீரையும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தேவகுமாரி கிளம்பினாள். இறக்கத்தில் முழங்கால் வலித்தது. அரிசி, கறி, மாப்பிள்ளை வீட்டாருக்கு வெற்றிலைத் தட்டு, மாற்ற வேண்டிய ஜன்னல் திரை என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. இதற்கு நடுவில் குருவி பார்க்கப் போகிறேன் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

பாலத்துக்குக் கீழே ஓடை நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு சில்வர் ஓக் மரம். அதன் தாழ்ந்த கிளை ஒன்று தண்ணீருக்கு மேல் நீண்டிருந்தது. அந்தக் கிளையைத்தான் மரியதாஸ் அடையாளம் சொல்லியிருந்தார்.

கிளையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. இரண்டு நீள வால் கீழே தொங்கியது. காற்றடித்தால் ஆடியது.

அது ரிப்பன். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் சடையில் கட்டுகிற வெள்ளை ரிப்பன். எங்கேயோ பறந்து வந்து, கறுத்துக் காய்ந்துபோன ஒரு இலைக் கொத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்பைத்தான் அவர் குருவியின் கறுத்த தலை என்று நினைத்திருக்க வேண்டும்.

தேவகுமாரி நின்றுகொண்டே இருந்தாள். இதுவாக இருக்காது, குருவி பக்கத்தில் எங்கேயாவது இருக்கும் என்று சுற்றிலும் பார்த்தாள். செம்மீசைச் சின்னான் பறவைகள் இரண்டு கத்திக்கொண்டிருந்தன. வேறொன்றும் இல்லை. மறுபடியும் ரிப்பனைப் பார்த்தாள். பறந்துவிடாதா என்று இருந்தது.

வேன் உரசியது, டம்ளரைத் தடவியது, தலையாட்டினால் தெரியாதது எல்லாம் அப்போதுதான் அவளுக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. இந்தத் தூரத்தில் ரிப்பனுக்கும் குருவிக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணோடுதான் இவர் தினமும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக மலையில் ஓட்டுகிறார்.

மேலே ரோட்டில் சைக்கிள் பெல் கேட்டது. "அக்கோவ், வந்தாச்சா?" அண்ணாதுரையின் குரல்.

அவள் அதை யோசித்துச் செய்யவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல் மேல் கால் வைத்து ஓடையைத் தாண்டினாள். குடைக் கைப்பிடியை மாட்டிக் கிளையை வளைத்தாள். ரிப்பனை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டாள். ரிப்பனைக் குருவி என்று எழுதினார் மரியதாஸ் என்று டீக்கடை சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு, இந்தக் கண்ணா வேன் ஓட்டுகிறது என்று யாராவது கேட்பார்கள். அது சேலம் வரைக்கும் போகும். நாளைக்கு ஒப்பந்தம். அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

அண்ணாதுரை கழுத்தில் பைனாகுலர் ஆட, மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"இருக்குதாக்கா?"

"இப்பத்தான் பறந்துச்சுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

தேவகுமாரி ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தாள். "பாத்தேன்."

"வெள்ளையேதானா? செவப்பு வாலு இல்லையே? அது எங்கயும் கெடைக்கும்."

"வெள்ளைதாங்க. ரெண்டு வாலு. நீளமா இருந்துச்சு."

அண்ணாதுரை நெற்றியில் அடித்துக்கொண்டார். "தபால் பையை இறக்கி வெச்சுட்டு வர்றதுக்குள்ள போயிருச்சு பாருங்க. நாலு வருசமா ஒரு வெள்ளை வாலுக்குத் தவம் கெடக்கறேன். பரவாயில்லீங்க, திரும்பி வந்தாலும் வரும். நான் உக்காந்து பாக்கறேன்."

அவர் பாறையில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, அந்த வெறுங்கிளையைப் பைனாகுலரில் பார்க்கத் தொடங்கினார். நல்ல மனுஷன். பொய் சொன்னதைவிட, அவர் அப்படி நம்பி உட்கார்ந்ததுதான் தேவகுமாரிக்குத் தாங்கவில்லை. ஏறி வரும்போது முழங்கால் இன்னும் அதிகமாக வலித்தது.

ஒண்டிக்கடையில் சீசன் கூட்டம். பெரியண்ணன் ஒரு கையில் டீ கிளாஸோடு மறு கையால் சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"பாத்தாச்சுங்களா அம்மணி?"

"பாத்தேனுங்க."

போர்டில் மரியதாஸின் கையெழுத்து மேலும் கீழுமாகப் போயிருந்தது. அதன் கீழே தேவகுமாரி தன் பெயரை எழுதினாள். இத்தனை வருஷத்தில் அந்த போர்டில் அவள் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

பெரியண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு உங்க சம்பந்தி ஊட்டு ஆளுங்களக் கூட்டியாற வேற டிரைவருக்குச் சொல்லி வெச்சிருந்தேன். மெயின் ரோட்டுல சீசன் கூட்டம், குப்பனூர் வழியாத்தான் வரோணும். அது குறுகலான ரோடு. மரியதாசு கண்ணு மேல எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

தேவகுமாரி டீ கிளாஸைப் பிடித்தபடி நின்றாள்.

"இப்ப என்னங்க சந்தேகம்? பாலத்துல இருந்து வெள்ளை வாலப் பாக்கற கண்ணு. அந்த டிரைவரை வேண்டாம்னு சொல்லிட்டேன். பொண்ணப் பெத்தவரே ஓட்டிட்டு வரட்டும். அதுதான மரியாதை."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? டீ நாக்கைச் சுட்டது. காசை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் செல்வி வந்ததும் வராததுமாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முறத்தை வாங்கி அரிசி பொறுக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, போர்டுல உன் பேரைப் பாத்தேன்."

"ம்."

"நெசமாவே பாத்தியா?"

தேவகுமாரி கல்லைப் பொறுக்கிப் போட்டாள். "ஏன் கண்ணு கேக்கறே?"

செல்வியின் கை முறத்தில் நின்றது. "நான் எதுக்கு அப்பா கூடவே சுத்தறேன்னு நெனச்சே? எனக்கு என்ன லேடீஸ் சீட் பாறை பாக்கற ஆசையா? முன்னாடி உக்காந்து, லாரி வருதுப்பா, ஆளு நிக்குதுப்பான்னு பேச்சோட பேச்சாச் சொல்லிட்டே வரேன். அப்பாவும் கேக்காத மாதிரி கேட்டுக்குவாரு. நான் இல்லாதப்ப ஹார்ன் அடிச்சே ஓட்டறாரு, அப்படித்தான் அன்னிக்கு வேன் உரசுச்சு. எதிர்ல வர்றவங்க பதிலுக்கு அடிச்சா ஒதுங்கிக்குவாரு."

"எத்தனை நாளா?"

"லீவு விட்டதுல இருந்து."

"எங்கிட்டச் சொல்ல மாட்டியா சாமி?"

"நீ ஏற்கெனவே நொம்ப ஓஞ்சு போயிருக்கே. இதையும் எதுக்கு உன் தலைல ஏத்தறதுன்னு." செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒப்பந்தம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

ஊர் சுற்றுகிறாள் என்று ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தது தேவகுமாரிக்கு நினைவுக்கு வந்தது. மகளின் தலையைத் தடவிக் கொடுக்கக் கை போனது. கையில் அரிசி மாவு இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

முன்னறையிலிருந்து ஈரோட்டம்மா குரல் கொடுத்தாள். "ஏனுங்க, கொஞ்சம் வெந்நி கெடைக்குங்களா?"

சாயங்காலம் ஒரு மழை பெய்து விட்டது. மரியதாஸ் டிரிப்பை முடித்துவிட்டுக் கையில் பலாச்சுளைப் பொட்டலத்தோடு வந்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் முகத்தில் சிரிப்பு இருந்தது. வேன் சாவியைக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டினார். விடியற்காலையே கிளம்ப வேண்டும், வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கட்டும் என்று பெரியண்ணன் சொல்லிவிட்டாராம்.

"போர்டு விசயம் தெரியுமா புள்ள? உன் பேரு இருக்குதாமே. பெரியண்ணன் படிச்சுக் காட்டினாரு."

படித்துக் காட்டினாராம். தேவகுமாரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். செல்வி வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

மரியதாஸ் பலாச்சுளையைப் பிரித்துக்கொண்டே பேசினார். "இப்பச் சொல்றதுக்கென்ன. ரெண்டு மாசமா எதுவும் எனக்குத் தெளிவா இல்லை. எல்லாம் மஞ்சு மூடின மாதிரி இருக்குது. டாக்டர்கிட்டப் போக பயம். ஓட்டாதேன்னு சொல்லிட்டா என்ன பண்றது? நேத்துப் பாலத்துல அந்த வெள்ளை வாலு தெரிஞ்சுது. நெசமாவே குருவிதானா, இல்லை கண்ணுதான் ஏமாத்துதான்னு எனக்கே தெரியலை. அதுக்குத்தான் போர்டுல எழுதிப் போட்டேன்."

"அதுக்குத்தான்னா?"

"பாக்கப் போறவங்க, அங்க குருவியும் இல்லை ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா, அன்னிக்கே சாவியக் குடுத்துடறதுன்னு இருந்தேன். அண்ணாதுரை சொன்னாலும் மனசு கேக்காது, அவன் சரியாப் பாக்கலைம்பேன். நீ சொன்னா கேட்டுத்தான் ஆகோணும். நீ எனக்காகக்கூடப் பொய் சொல்றவ இல்லை. அதனாலதான் உன்னைப் போகச் சொன்னேன்." ஒரு சுளையை அவள் பக்கம் நீட்டினார். "நீ பாத்தேன்னு சொல்லிட்டே. எனக்கு உசுரே வந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணும் இல்லை புள்ள. சும்மா அசதிதான்."

தேவகுமாரி அந்தச் சுளையை வாங்கவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்விக்கு, கேட்டார் என்றே தெரியாமல், தப்பான பதிலை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. அழவும் தெம்பில்லை.

இடுப்பிலிருந்து ரிப்பனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னது?"

"உங்க வால் குருவிங்க."

மரியதாஸ் அதை விரலால் நீவினார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போனார். முகத்துக்கு அருகில் கொண்டுபோய், விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பலாச்சுளை மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்ததை யாரும் எடுக்கவில்லை.

"அப்ப நீ பாக்கலை."

"இதைத்தான் பாத்தேன். ஊரு சிரிக்குமேன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் ரிப்பனை மடித்து முழங்கால் மேல் வைத்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டறேன் புள்ள."

"வேண்டாங்க."

"இப்பப் போய் ஓட்ட முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க. கண்ணு தெரியாத அப்பன், வேலை இல்லாத அப்பன்னு தெரிஞ்சா ஒப்பந்தம் என்னாகும்? நாளைக்கு முடியட்டும். திங்கக்கெழமை நானே போய்ப் போர்டை அழிக்கறேன். ஒரே ஒரு நாள்."

அந்த ஒரு நாளுக்குச் சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று தேவகுமாரிக்குத் தெரிந்தது. காலையில் அப்படித்தான் ஒன்று சொன்னாள். அவள் எழுந்து குடையை எடுத்தாள்.

"எங்க போறே?"

"ஒண்டிக்கடைக்குங்க. பொழுது இன்னும் சாயலை. எம்பேரை நானே அழிச்சுட்டு வரேன். அப்படியே பெரியண்ணங்கிட்டச் சாவியையும் குடுத்தர்றேன்."

"தேவி, சொன்னாக் கேளு. சாவி அங்கயே இருக்கட்டும்."

அவள் கதவுப் பக்கம் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். மரியதாஸும் எழுந்து வந்தார். அவளை முந்திக்கொள்ள நினைத்தவர்போல அவசரமாகச் சுவரைத் தடவினார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை விரலில் ஆணி தட்டுப்பட்டது. வெறும் ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்கதான மாட்டினேன்?"

தேவகுமாரி வாசலைப் பார்த்தாள். வேன் நின்ற இடத்திலேயே நின்றது. படியில் செல்வியும் இல்லை, அவள் செருப்பும் இல்லை.